அறுத்த வயல் பொது இடமா?

11-06-2025, புதன்

காலையில் வைக்கோல் கட்டும் பேலரில், தாளை வாரி எடுக்கும் கம்பிப் பற்களை மாற்றினேன். பதினொன்று போயிருந்தன. சொர்ணவாரிப் பருவ அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கடைசி நேரத்தில் ஸ்பேனர் எடுப்பவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

பதினொரு மணிக்குப் பதிவுத் தபால். காஞ்சிபுரம் விபத்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட எதிருரையின் நகல். பன்னிரண்டு பக்கம். பெரும்பாலானவை எல்லா வழக்குக்கும் போடும் வரிகள்தான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஏழாவது பத்தி மட்டும் எங்களுக்காகவே எழுதியது. "விபத்து நடந்த இடம் தனியார் பட்டா நிலம். மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் பொது இடம் அல்ல. ஆகவே மூன்றாம் நபருக்கான காப்பீடு இதற்குப் பொருந்தாது."

அந்த நாளைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. எழுதாமல் விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேனா? இன்று எழுதிவிடுகிறேன், சுருக்கமாக.

2024 பிப்ரவரி 9. எங்கள் உத்திரமேரூர் பெரிய ஏரிக்குக் கிழக்கே தாமோதரனின் இரண்டு ஏக்கர். முந்தின நாள் அறுப்பு மெஷின் அறுத்துவிட்டுப் போயிருந்தது. நான் டிராக்டரில் பேலரை மாட்டிக்கொண்டு வைக்கோல் கட்டப் போனேன். கட்டு நிறைந்தால் பஸ்ஸர் அடிக்கும். நிறுத்தி, நூல் சுற்றவிட்டு, நாலடி பின்னால் எடுத்து, கதவைத் திறந்து கட்டைத் தள்ள வேண்டும். பஸ்ஸர் அடித்தது. பின்னால் எடுத்தேன். பின்னால் செல்லம்மாள் உட்கார்ந்து எலி வளை வெட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். எலி சேர்த்து வைத்த நெல்லைத் தோண்டி எடுக்க வந்தவர்.

வலது கால், முழங்காலுக்குக் கீழே. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நாலடி.

அந்த இடம் பொது இடம் என்று நீதிபதி சொன்னால் கம்பெனி செல்லம்மாளுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். இல்லை என்று சொன்னால் நான் மட்டும்தான் தர வேண்டும். என்னிடம் இருப்பது பேங்க் கடனில் ஓடும் ஒரு டிராக்டர். ஜப்தி என்று வந்தால் பேங்க்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். செல்லம்மாள் கையில் தீர்ப்பு நகல் மட்டும் இருக்கும். அதை வைத்து அவர் என்ன செய்வார்?

12-06-2025

ஏழாவது பத்தியை மறுபடி படித்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

15-06-2025, ஞாயிறு

சட்டத்தை போனில் இறக்கிப் படித்தேன். பிரிவு 2, உட்பிரிவு 34. பொது இடம் என்றால் சாலை, தெரு, வழி அல்லது வேறு இடம். அது போக்குவரத்துப் பாதையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பொதுமக்களுக்கு அங்கே நுழைய உரிமை இருக்க வேண்டும்.

உரிமை. தாமோதரன் வயலில் நுழைய செல்லம்மாளுக்கு என்ன உரிமை? ஒன்றும் கிடையாது. பட்டா தாமோதரன் பெயரில் இருக்கிறது. கணக்கு முடிந்தது. நான் நீதிபதியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவேன்.

எழுதிவிட்டு எப்படிச் சோறு சாப்பிடுவேன் என்றுதான் தெரியவில்லை.

23-06-2025, திங்கள்

மோகன்குமார் வக்கீலைப் பார்த்தேன். உத்திரமேரூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என் மேல் இருக்கும் கிரிமினல் வழக்கை அவர்தான் நடத்துகிறார். பஸ் ஸ்டாண்ட் எதிரே மாடி அறை. ஃபேன் ஓடும், காற்று வராது. கெப்பாசிட்டர் போயிருக்கிறது. இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

"தம்பி, ரெண்டு கேஸு கீது உனக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. அங்க காஞ்சிபுரத்துல நஷ்ட ஈடு. இங்க அஜாக்கிரதையா ஓட்டி அடிச்சன்னு கிரிமினல். நீ அந்தப் பக்கமே போவாத. ஆஜராவாம எக்ஸ்பார்ட்டி ஆயிடு. வண்டிக்காரன் எவன் அங்க போறான்?"

"போனா என்ன சார்?"

"போனா பேசுவ. உன் வாய் எனக்குத் தெரியாதா? அங்க நீ பேசுறத காப்பி போட்டு இங்க கொண்டாந்து வெப்பாங்க." விரலை நீட்டிச் சொன்னார். "அறுத்த வயல்ல ஆள் இருப்பாங்கன்னு நான் எதிர்பாக்கல. இந்த ஒரு வரிதான் உன் கேஸு. இதுக்கு மேல ஒரு வார்த்த பேசுனா எனக்கு ஃபீஸே வாணாம், வேற ஆளப் பாத்துக்கோ."

வண்டியை எடுக்கும்போது அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். ஆள் இருப்பாங்கன்னு நான் எதிர்பாக்கல.

வாயில் நிற்கவில்லை.

04-07-2025, வெள்ளி

சொன்னதைக் கேட்காமல் காஞ்சிபுரம் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று. வாய்தா. பதினைந்து நொடியில் அடுத்த தேதி. இதற்காக இரண்டு பஸ் மாறி வந்த செல்லம்மாளும் அவர் புருஷன் இருசப்பனும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மாள் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். முகாமில் இலவசமாகக் கொடுத்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, அளவு சரியில்லை. காலை நுழைக்கும் சாக்கெட் பெரியது. உள்ளே துணி திணித்திருக்கிறார்கள்.

தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, தலையே காட்ல? காலு என்னுது போச்சி. ஒளிஞ்சிக்கினு திரியறது நீ."

பக்கத்தில் போய், "காலு சரியா கீதா?" என்று கேட்டேன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எத கேக்கற? கீறதா, இல்லாததா?" என்றார். சிரித்தார். இருசப்பன் சிரிக்கவில்லை. என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எனக்கில்லாமல், எதிர்ச் சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வரப்பு ஏற முடில அதால. நெஞ்சு வேவுது. ஒரு பொட்டிக்கட வெச்சிக் குடுத்தா குந்திக்கினு பாத்துக்கும். அத்தான் கேக்குது."

ஒன்றரை வருஷத்தில் அவர் என் காதில் விழப் பேசிய முதல் வார்த்தைகள்.

18-07-2025, வெள்ளி

கம்பெனிக்குச் சாட்சி யார் என்றால், தாமோதரன்!

கூண்டில் ஏறிப் பட்டாவைக் காட்டினார். கம்பெனி வக்கீல் கேட்டார்: உங்கள் நிலத்தில் யாரையாவது அனுமதித்தீர்களா? இல்லை. செல்லம்மாளை வரச் சொன்னீர்களா? இல்லை. வழி ஏதாவது உண்டா? கிடையாது, சுற்றி வரப்புதான். எல்லாம் பட்டுப் பட்டென்று.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கினேன்.

"இன்னாங்க இது? அறுத்த மறுநா உங்க வயல்ல ஆடு மேயல? பள்ளிக்கூடத்துப் பசங்க குறுக்கால போவல? எலி வெட்டலன்னா வரப்பு ஒடிஞ்சி பூடும்னு நீங்கதான சொல்வீங்க? என்னைக்காவது ஒருத்தர வாணாம்னு சொல்லிக்கிறீங்களா?"

"சொன்னதில்லதான்."

"அப்புறம்?"

"டேய், உனக்கு இன்னா தெரியும்? பொது எடம்னு கோர்ட்டு எழுதிட்டான்னு வெய்யி. நாளிக்கே ஒருத்தன் அத்த எட்த்துக்கினு தாலுகா ஆபீசுக்குப் போவான். பட்டாவுல கை வெப்பான். நடுவால ரோடு போட்டுக் குடுன்னுவான். ரெண்டு ஏக்கர்டா, அவ்ளோதான் கீது எனக்கு."

"அப்படி எந்தச் சட்டத்துல கீது?"

"சட்டத்துல இல்லாததயா இவனுங்க செய்றதில்ல?" என்றார். குரல் இறங்கியது. "அந்தப் பொம்பளைக்கு நான் கெட்டது நெனைக்கல. ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலதான போச்சி."

உண்மைதான். அவருடைய வேனில்தான் ஏற்றினோம். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். பட்டா நிலம் வைத்திருக்கும் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். என்னைப் பெற்ற நைனாவும் இதையேதான் சொல்வார்.

20-07-2025, ஞாயிறு

காலையிலிருந்து பழைய தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருபது பக்கத்துக்கு மேல் போனால் எனக்கு ஆத்திரம் வரும். ஆனாலும் படித்தேன்.

நான் ஐந்து நிமிடத்தில் எழுதுவேன் என்றது தப்பு. தனியாருக்குச் சொந்தமான இடமாக இருந்தாலும், மக்கள் வந்து போகிற இடமானால் இந்தச் சட்டத்துக்குப் பொது இடம்தான் என்று உயர் நீதிமன்றங்களே முன்பு சொல்லியிருக்கின்றன. அனுமதி வாங்கி வந்தாலும் சரி, வாங்காமல் வந்தாலும் சரி.

முதலில் கோபம் வந்தது. சட்டத்தில் "உரிமை" என்று இருக்கிறது. இவர்கள் "வந்து போகிறார்களா" என்று பார்க்கிறார்கள். டிராயிங்கில் இருபது மில்லிமீட்டர் என்று இருந்தால் லேத் போடுகிறவன் இருபத்திரண்டு கடைந்து கொடுக்கலாமா? பாலிடெக்னிக்கில் அப்படிக் கொடுத்தால் தூக்கி எறிவார்கள். எழுதியது எழுதியபடி. இல்லையென்றால் எதற்கு எழுத வேண்டும்?

அப்புறம் காரணத்தைப் படித்தேன். இந்த அத்தியாயம் வண்டிக்காரனுக்காக எழுதப்பட்டது இல்லை. கம்பெனிக்காகவும் இல்லை. வண்டியில் அடிபடும் மூன்றாவது ஆளுக்காக. அதனால்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மட்டும் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். அடிபட்டவருக்குத் தன் காலடி மண் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் கால் மிஞ்சாது. அப்படியிருக்க, அந்த ஒரு சொல்லைப் பட்டா ஆபீசில் படிக்கிற மாதிரி இங்கேயும் படித்தால், சட்டம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரையே வெளியே தள்ளிவிடும்.

சரி. ஆனால் எங்கே நிறுத்துவது? இப்படியே போனால் நீதிபதிக்கு எந்தச் சொல்லும் தடையில்லையே? படித்தவரை, நிறுத்துகிறார்கள். யாரும் வந்து போகாத, மூடி வைத்த இடத்தைச் சேர்ப்பதில்லை. அதாவது சொல்லை நீட்டலாம், ஆனால் நடப்பில் உள்ள தூரத்துக்குத்தான். தூரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியது சாட்சி.

அங்கேதான் மாட்டுகிறது. அந்தத் தீர்ப்புகளில் உள்ளவை வேறு மாதிரி இடங்கள். அறுத்த வயல் எதிலும் இல்லை. அறுத்த வயலுக்கு யார் வருவார்கள் என்று காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்கு யார் சொல்வது? செல்லம்மாள் சொன்னால் மனுதாரர், தனக்காகச் சொல்கிறார் என்பார்கள். நிலத்துக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் யார்?

02-08-2025, சனி

செல்லம்மாளின் வக்கீல் வளர்மதி. என் வயதுதான் இருக்கும். கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில் பிடித்தேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. "நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? டிராக்டரக் காப்பாத்திக்கவா?"

"அதுவும்தான்."

"இதுவாவது நேரா வருதே. சரி, என்ன சொல்லப் போறீங்க?"

சொன்னேன். முதல் தடவையாக முழுசாக ஒருவரிடம் சொன்னேன். மெஷின் அறுத்துவிட்டு ஏறிப் போனால் மறுநாள் காலை வயல் திறந்துவிடும். யாரும் திறப்பதில்லை, அது திறந்துவிடும். ஆடு வரும். கதிர் பொறுக்குகிறவர்கள் வருவார்கள். இருளர் பெண்கள் கடப்பாரையோடு எலி வளை வெட்ட வருவார்கள். எட்டு மணிக்குள் வந்துவிடுவார்கள். அவர்கள் வளை தோண்டினால் வைக்கோல் வரிசை கலைந்துவிடும், மண் ஏறிவிடும். அதனால் நான் எப்போதும் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிக்கப் பார்ப்பேன். அன்றைக்குப் பேலரின் ஷியர் போல்ட் இரண்டு முறை உடைந்து, மாற்ற நேரமானது. மணி ஒன்பது ஆகிவிட்டது. அவர்கள் வந்ததைப் பார்த்தேன். வயல் மூலையில் நாலைந்து பேர். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினேன். பஸ்ஸர் அடித்தபோது நூல் சுற்றுகிறதா என்று பேலரின் கண்ட்ரோல் பெட்டியைப் பார்த்தேன். பின்னால் பார்க்கவில்லை.

வளர்மதி கையிலிருந்த காகிதங்களை மேஜையில் வைத்தார்.

"இத நீங்க கூண்டுல சொன்னா அந்த வயல் பொது இடம்னு நான் நிரூபிச்சிடுவேன். ஆனா அங்க ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சும் பாக்காம எடுத்தீங்கன்னும் ஆயிடும். ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணச் சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுது."

"நான் உங்க வக்கீல் இல்ல. செல்லம்மாள் வக்கீல். எனக்கு நீங்க வந்தா லாபம். அதனால உங்களுக்கு நான் புத்தி சொல்லக்கூடாது. உங்க ஆளக் கேட்டுட்டு வாங்க."

கேட்டேன். போனில். மோகன்குமார் முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ எஞ்சினியரிங் படிச்சதே தப்புடா, சாமியாராப் போயிருக்கணும்" என்று வைத்துவிட்டார்.

10-08-2025, ஞாயிறு

வீட்டில் இன்று பெரிய சண்டை. நைனாவுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. தாமோதரனாகத்தான் இருக்கும்.

"இன்னாடா நெனச்சிக்கினு கீற? கோர்ட்டுல போயி உண்ம பேசப் போறியா? எவன்டா பேசுறான் கோர்ட்டுல?"

"பேசலன்னா டிராக்டரு பூடும் நைனா."

"பூடட்டும்! டிராக்டரு இன்னொண்ணு வாங்கிக்கலாம். தண்டன ஆச்சின்னா? தாமல்ல பொண்ணு பாத்து வெச்சிக்கினு கீறோம். கேஸுக்காரனுக்கு எவன் குடுப்பான்?"

அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நைனா ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அன்னிக்கு அதுங்க அங்க இருந்தது உனக்குத் தெரியுமாடா?"

தெரியும் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

என்னை இன்னா பண்ணச் சொல்றாங்க? தெரியாதுன்னு சொல்லட்டா? தெரியாதுன்னு சொன்னா வயலு மூடிக்கும். யாருமே வராத வயலு. அப்ப செல்லம்மா அங்க எப்படி வந்துச்சு? திருட வந்துச்சா? நான் தப்பிக்கிற ஒவ்வொரு வார்த்தையும் அத்த திருடி ஆக்குது. இது ஏன் இவங்க யாருக்கும் புரிய மாட்டேங்குது?

அம்மாவுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

22-08-2025, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வளர்மதி கேட்டது பத்து நிமிடம்கூட இல்லை. கம்பெனி வக்கீல் ஒரு மணி நேரம். நரைத்த மீசை, அமைதியான குரல். என் படிப்பு, லைசென்ஸ், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, "உத்திரமேரூரா? சட்டத்தக் கல்லுல வெட்டி வெச்ச ஊராச்சே" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்த ஊர்க்காரன் இந்தக் கல்வெட்டுப் பேச்சைக் கேட்காமல் ஒரு வேலையும் முடிக்க முடியாது.

பிறகு ஆரம்பித்தார்.

"அந்த நிலத்துக்குள்ள போறதுக்கு அந்தம்மாவுக்கு யாராவது எழுத்துல அனுமதி கொடுத்தாங்களா?"

"எழுத்துல யாரும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"இல்ல."

"இது பொது இடம்னு தீர்ப்பு வந்தா உங்களுக்கு லாபம். சரிதானே?"

"ஆமா. டிராக்டரு தப்பிக்கும்."

"அதுக்காகத்தான் இன்னிக்கு வந்து எல்லாரும் வருவாங்கன்னு கதை சொல்றீங்க."

அங்கேதான் எனக்கு வழக்கமான சூடு ஏறியது. "கதைன்னா எனக்கு வசதியாச் சொல்லியிருப்பேனே சார். ஆளுங்க இருந்தத நான் பாத்தேன். பாத்துட்டும் வேகமாப் போனேன். பின்னால பாக்கல. உத்திரமேரூர்ல என் மேல கிரிமினல் கேஸ் இருக்கு. இத இங்க சொன்னா உள்ள போவன்னு என் வக்கீல் சொல்லித்தான் அனுப்பினார். அதுக்கு அப்புறமும் சொல்றேன்."

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நீதிபதி அம்மா டைப்பிஸ்டைப் பார்த்து, "அத அப்படியே எழுதுங்க" என்றார். பிறகு என்னிடம் அவரே கேட்டார்.

"அறுப்பு முடிஞ்ச வயல்ல, ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் நடந்து போனா யாராவது தடுப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"ஏன்?"

யோசித்தேன். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. "தடுக்கணும்னு யாருக்கும் தோணாதும்மா. பயிர் நிக்கறப்போ வரப்புல கால் வெச்சாலே சண்ட வரும். அறுத்துட்டா அது அடுத்த நாத்து நடவு வரைக்கும் எல்லாருக்கும் கால் வைக்கிற எடம். பட்டா மாறாது. அந்த மூணு மாசம் மட்டும் அப்படி."

"இருளர் மக்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும். நானே சின்ன வயசுல அங்கதான் கிரிக்கெட் ஆடினேன்."

தலையாட்டினார். அவ்வளவுதான்.

ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த செல்லம்மாள் வராண்டாவில் என்னைப் பார்த்தார். அன்றுபோல் வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தும் வேகமாகப் போனேன் என்பதை அவர் இன்றைக்குத்தான் முதலில் கேட்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கு அது தோன்றவே இல்லை. சட்டம் என்ன ஆகும், வக்கீல் என்ன சொல்வார், நைனா என்ன செய்வார், எல்லாம் யோசித்தேன். இதை மட்டும் யோசிக்கவில்லை.

23-08-2025

வேலைக்குப் போகவில்லை.

17-11-2025, திங்கள்

தீர்ப்பு. வளர்மதி நகலை போனில் அனுப்பினார். பொது இடம்தான். கம்பெனி தர வேண்டும்.

ஒன்பதாவது பக்கத்தை நாலு முறை படித்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

"'உரிமை' என்ற சொல்லைச் சொத்துரிமை என்ற பொருளில் மட்டும் படித்தால், இந்த அத்தியாயம் யாரைக் காக்க வந்ததோ அவர்களே அதற்கு வெளியே நிற்பார்கள். அறுவடைக்குப் பின் இந்நிலத்தில் மக்கள் தடையின்றி வந்து போனது, வாகனத்தை ஓட்டியவரின் சாட்சியத்தால் நிரூபணமாகிறது. தமக்கே எதிராக முடியக்கூடிய ஒன்றை அவர் மறைக்காமல் கூறியிருப்பதால் அதை இத்தீர்ப்பாயம் நம்புகிறது."

அடுத்த பத்தி தாமோதரனுக்காகவே எழுதியது போல இருக்கிறது.

"இவ்விளக்கம் காப்பீட்டுப் பொறுப்பைத் தீர்மானிக்க மட்டுமே. நிலத்தின் மீது எவருக்கும் எவ்வித உரிமையையும் இது உண்டாக்காது."

ஒரு சொல்லைத் திறந்து, தேவையான அளவு நீட்டி, மறுபடி மூடிவிட்டார். இதுதான் எனக்குப் பிடித்தது. நான் பயந்ததுபோல நீதிபதி இஷ்டத்துக்கு எழுதவில்லை. எதற்காக நீட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்த வேலைக்கு மட்டும் நீட்டுகிறார்.

சாயந்தரம் தாமோதரன் வீட்டுக்குப் போய் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். "இத்த மொதல்லயே எவனாவது சொல்லியிருந்தா நான் ஏன்டா அப்டி சொல்லப் போறேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பக்கத்த ஒரு ஜெராக்ஸ் குடு" என்று வாங்கிப் பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

செல்லம்மாளைப் பார்க்கப் போகவில்லை. கம்பெனி அப்பீல் போகலாம் என்கிறார் வளர்மதி. போகாமலும் இருக்கலாமாம்.

28-12-2025

கம்பெனி அப்பீல் போகவில்லை. கோர்ட்டில் பணம் கட்டிவிட்டார்கள். தாமல் பெண் வீட்டிலிருந்தும் பதில் வந்துவிட்டது. வேண்டாம் என்று.

09-01-2026, வெள்ளி

உத்திரமேரூர் கோர்ட். விபத்து நடந்தது புதுச் சட்டம் வருவதற்கு முன்னால். அதனால் பழைய தண்டனைச் சட்டம். இரண்டு பிரிவுகள். ஒன்று, பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டியது. இன்னொன்று, அஜாக்கிரதையால் கொடுங்காயம் உண்டாக்கியது.

மோகன்குமார் என் மேல் கோபமாக இருந்தாலும் கோர்ட்டில் ஜோராகப் பேசினார். முதல் பிரிவில் "பொது வழி" என்று இருக்கிறது, அறுத்த வயல் வழி ஆகாது, காஞ்சிபுரம் தீர்ப்பு நஷ்ட ஈட்டுச் சட்டத்துக்கு மட்டும், ஒருவனைத் தண்டிக்கிற சட்டத்தை அப்படி நீட்டிப் படிக்கக்கூடாது என்றார். மாஜிஸ்திரேட் ஒத்துக்கொண்டார். அதிலிருந்து விடுதலை.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. ஒரே மண். ஒரு கோர்ட் அடிபட்டவருக்காக அகலமாகப் படித்தது. இன்னொன்று குற்றம் சாட்டப்பட்டவனுக்காகக் குறுக்கிப் படித்தது. இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. போன ஜூனில் இதைக் கேட்டிருந்தால் மோசடி என்று கத்தியிருப்பேன்.

இரண்டாவது பிரிவில் இடம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நீட்டவும் குறுக்கவும் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் நான் சொன்னதன் நகலை அரசு வக்கீல் நீட்டினார்.

"இது நீங்க சொன்னதுதானா?" என்றார் மாஜிஸ்திரேட்.

மோகன்குமார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாங்க ஐயா. குற்றத்த ஒத்துக்கறேன்."

ஆயிரம் ரூபாய் அபராதம். கோர்ட் கலையும் வரை தண்டனை. லைசென்ஸ் ஒரு வருஷம் ரத்து. மாலை ஐந்தரை வரை கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகக்கூடாது. போனைப் பார்க்கக்கூடாது. ஏழு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் முறை.

07-02-2026, சனி

தாமோதரன் வயல். டிராக்டர் ஓட்டியது மணி என்கிற ஏனாத்தூர்ப் பக்கத்துப் பையன், நல்ல கை. நான் லைசென்ஸ் இல்லாதவன், கீழே.

ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள், கடப்பாரையோடு. இருசப்பன் முன்னால். செல்லம்மாள் வரப்பில் உட்கார்ந்து முறத்தில் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தார். புதுக் கால். சாக்கெட் அளவாக இருக்கிறது. வரப்பு வரை தானே நடந்து வந்தாராம். குடியிருப்பு முனையில் பொட்டிக்கடை போட்டாகிவிட்டது, இன்றைக்கு மகள் பார்த்துக்கொள்கிறாளாம். இதை இருசப்பன்தான் சொன்னார், என் முகத்தைப் பார்த்து. செல்லம்மாள் என்னிடம் பேசவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது.

ஒவ்வொரு முறை பஸ்ஸர் அடித்ததும் மணி நிறுத்தினான். நான் பேலருக்குப் பின்னால் போய், வரிசையில் யாரும் இல்லை என்று பார்த்து, நின்று, கை தூக்கிய பிறகுதான் பின்னால் எடுத்தான். நாள் முடிவில் எண்பத்தேழு கட்டு. எண்பத்தேழு முறை.

பத்தரைக்குத் தாமோதரன் வந்து பார்த்தார். பாதி வயல்கூட முடியவில்லை.

"இன்னாப்பா, ரெண்டு மணி நேரத்து வேல. இம்மாம் நேரமா?"

"ஆவும்ங்க" என்றேன்.